ஓங்கிய கை

மலையாளப் படத்தில் அந்தக் கை விழவே இல்லை. சாப்பாட்டு மேசையில் மகன் அப்பாவை அடிக்கக் கை ஓங்குவான். கை அந்தரத்தில் அப்படியே நிற்கும், பிறகு இறங்கித் தண்ணீர்ச் செம்பை எடுக்கும். தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்ட காட்சி அது. அப்பாவாக நடித்த பவித்ரனையே தமிழ் ரீமேக்கிலும் அப்பாவாகப் போட்டிருந்தார்கள். மகன் மட்டும் வேறு. நாலு படம் ஓடிய நாயகன், கையில் கனத்த காப்பு.

“ஓங்குன கை சும்மா இறங்குனா நம்ம ஜனம் ஒத்துக்காது சார். அறை விழணும், நிஜமாவே விழணும்” என்றார் இயக்குநர்.

விழுந்தது. மூன்றாவது டேக்கில் காப்பு பட்டு உதடு கிழிந்தது. ஆறாவதில் கடைவாய்ப் பல் ஆடியது. ஒவ்வொரு தடவையும் இயக்குநர் பழைய படத்தை லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“அதுல உங்க மூஞ்சில ஒரு பயம் இருக்கே சார், அது வர மாட்டேங்குது. தம்பி, இன்னும் கொஞ்சம் பலமா அடிங்க.”

பவித்ரன் ரத்தத்தைத் துப்பினார். “அன்னிக்கு அடி விழுமா விழாதான்னு எனக்கே தெரியாது சார். இதுல தெரிஞ்சுபோச்சே.”

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பதாவது டேக்கில், நாயகன் கையை ஓங்குவதற்குள் பவித்ரன் எழுந்துவிட்டார். இடது கையால் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். வலது கையில் பித்தளைச் செம்பு, தண்ணீர் தளும்பத் தளும்ப, அவன் நெற்றிக்கு மேலே உயர்ந்து நின்றது.

‘கட்’ சத்தம் வரவில்லை. மானிட்டருக்குப் பின்னாலிருந்து இயக்குநரின் குரல் மெல்லக் கேட்டது.

“அதேதான்... கேமராவைத் தம்பி மூஞ்சிக்குக் கொண்டு போ. யாரும் கிட்டப் போகாதீங்க.”