ஜிம்மி தலை வைத்த இடம்

கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸ் வீட்டு நாய் ஜிம்மிக்கு மத்தியானத் தூக்கமென்றால் அவளுடைய கணவர் ஸ்ரனிஸ்லாஸின் பாதம்தான் தலையணை. அவர் சாய்கதிரையில் உட்கார்ந்ததும் ஓடி வந்துவிடும்.

அவர் கப்பல் வேலைக்குப் போய் மூன்று மாதம். பன்னிரண்டு நாளாக அழைப்பு இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் ஜிம்மி வெறும் கதிரைக்கு முன்னால் தூங்கியது. தலை மட்டும் நிலத்தில் படாமல், நாலு விரற்கடை உயரத்தில், எதன்மீதோ வைத்ததுபோல் இருந்தது. கொன்ஸ்ரன்ஸ் கீழே கையை விட்டுத் தடவினாள். ஒன்றுமில்லை.

மகள் ரொஷேல் மிருக வைத்தியரிடம் கேட்டு வந்தாள்.

"தலைய உயர்த்தி வச்சுப் படுக்கிறது வழமைதானாம் அம்மா. மூச்சு லேசா வருமாம்."

"எதுக்கு மேல வச்சுப் பிள்ளை?"

ரொஷேல் குனிந்து ஜிம்மியின் தலைக்குக் கீழே பார்த்தாள். கொன்ஸ்ரன்ஸ் அந்தோனியார் கோவிலுக்குப் போய் அழுதாள்.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது.

"நான்தானப்பா. கப்பல்ல சிக்னல் இல்லாமப் போச்சு. சுகமா இருக்கிறன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஜிம்மி என்ன செய்யுது?"

திரும்பிப் பார்த்தாள். ஜிம்மி வெறும் கதிரைக்கு முன்னால் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருப்பவர் காலை மாற்றி வைத்ததுபோல், அதன் தலை மெல்ல உயர்ந்து, சற்று விலகி, மறுபடி இறங்கியது.