உப்பு, புளியோடு ஒரு சாஃப்ட்வேர்

"வெள்ளிக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம் சார்! ரெண்டு தரம் தள்ளிப்போட்டாச்சு!"

"பொம்மசந்திரா ஃபேக்டரியில நம்ம புது சாஃப்ட்வேர் ஓடட்டும், அப்புறம் லீவு!" மேனேஜர் பழனிச்சாமியின் குரல் லிஃப்ட் வரை கேட்டது.

"அங்க இருக்கிறது அரதப்பழசு லினக்ஸ் சார். இதுக்கு வேண்டிய லைப்ரரி எதுவும் அதுல கிடையாது. புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லுங்களேன்!"

"பிசுநாறிங்கம்மா. பழசைக் கட்டிக்கிட்டு அழுவாங்க."

தாரணி பல்லைக் கடித்தாள். கஞ்ச மாமியார் வீட்டுக்குப் பெண்ணை அனுப்புகிற அம்மா உப்பு, புளிகூடக் கட்டிக் கொடுப்பாளே, அப்படி அது ஓடத் தேவையான லைப்ரரி என்கிற துணை நிரல்கள் எல்லாவற்றையும் சாஃப்ட்வேரோடு சேர்த்தே மூட்டை கட்டினாள். வியாழனன்று ஃபேக்டரிக்குப் போய் ஏற்றினாள். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் ஜோராக ஓடியது.

வேலை முடிந்ததும் வாய் சும்மா இருக்குமா? "ஏன் சார், புதுசா ஒண்ணு வாங்கினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று சூப்பர்வைசர் மஞ்சுநாத்தைக் குத்தினாள்.

அவர் பக்கத்து அறையைத் திறந்து காட்டினார். பிரிக்காத அட்டைப்பெட்டிகள் தூசி படிந்து கிடந்தன.

"வாங்கி ரெண்டு வருஷமாச்சு மேடம். 'பழசை மாத்தினா எங்க சாஃப்ட்வேர் ஓடாது, தொடாதீங்க'ன்னு உங்க பழனிச்சாமி சார்தானே சொன்னாரு!"

தாரணி அங்கிருந்தே பழனிச்சாமிக்குப் போனைப் போட்டாள்.

"ஐயோ, பெட்டியைப் பிரிக்க விட்டுடாதேம்மா! நீ கட்டின மூட்டை பழசுக்குத்தானே? நாளைக்கு நம்ம ஆபீஸுக்கு வந்து இங்க இருக்கிற புதுசுலயும் ஓடுதான்னு பார்த்துட்டு லீவு..."

அவர் முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

நிச்சயம் குறித்த நாளில் நடந்தது. கல்யாணமாகி, பொம்மசந்திராவுக்குப் பக்கத்திலிருக்கும் ஓசூருக்குக் குடிபோன தாரணி, இப்போது அதே ஃபேக்டரியில்தான் வேலை பார்க்கிறாள். சேர்ந்த அன்றே பெட்டிகளைப் பிரித்துவிட்டாளாம்.