சும்மா கிடந்த போன்

அப்பாவின் இடது கட்டைவிரலை அவன் மெதுவாகத்தான் பிரித்தான். விரல் போனின் ஓரத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.

போன் உயிரோடு இல்லை.

அப்பா உயிரோடு இருந்தார். சமையலறை வாசலில், ஒருக்களித்து, வாயின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. மேடையில் மதியச் சாப்பாடு மூடியபடி இருந்தது. அப்பா ஒரு மணிக்குச் சாப்பிடுகிறவர். அவனும் மனைவியும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். அவன் கம்பெனியிலிருந்து வந்தபோது மணி ஆறு.

ஆம்புலன்ஸில் அவன் அப்பாவின் கையைப் பிடித்திருந்தான். இன்னொரு கை சட்டைப்பையில், அப்பாவின் போன் மேல் இருந்தது.

"நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். வலது பக்கம் வராது. பேச்சு வருவதும் சந்தேகம். "ஆனா நாம பேசுறது எல்லாம் அவருக்குப் புரியும்."

கடைசியில் சொன்னதுதான் அவனை உட்காரவைத்தது.

வார்டுக்கு வெளியே ஒரு ப்ளக் பாயின்ட் இருந்தது. போனைச் செருகினான்.

மைனிங்கைப் பற்றி அவனுக்குச் சொன்னது ஒரு வீடியோ. போன் சும்மா கிடக்கும் நேரத்தில் அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். கிரிப்டோ காசு துளித்துளியாகச் சேரும். முதலில் லேப்டாப்பில் போட்டான். நாற்பதாவது நாள் அதன் போர்டு கருகியது. ரிப்பேர் கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுலயா மைனிங் ஓட்டுனீங்க? சோறு வடிச்சிருக்கலாம் சார்."

அவனுக்கு ரோஷம் வந்தது. தன் போனில் போட்டான். மனைவி அவள் போனைத் தரவில்லை. "எம் போனுல கை வெச்சீங்கன்னா பாத்துக்குங்க" என்றாள்.

அப்பாவுடையது மட்டும் பகல் முழுக்க மேசைமேல் சும்மா கிடந்தது. அவரிடம் சொல்லாமல் அதிலும் போட்டான்.

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கரூரிலிருந்து கிளம்பிய எந்த வண்டியும் அவர் விசிலுக்குத் தப்பியதில்லை. தினமும் ஆறு மணிக்குப் போனைச் சார்ஜில் போடுவார். ஏழரைக்கு எடுப்பார்.

"காலைலதான் போட்டேன், பதினொன்னரைக்கெல்லாம் தீந்துபோச்சுப்பா" என்று ஒருநாள் சொன்னார். "தொட்டாச் சுடுது வேற."

"வெயிலுக்கு எல்லா போனும் சுடுமுங்கப்பா. சார்ஜ் போட மறந்திருப்பீங்க."

அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்கடுத்த வாரமும் கேட்டார். அவன் அதையே சொன்னான். பிறகு அப்பா கேட்பதை நிறுத்திவிட்டார். ப்ளக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வதை மட்டும் அவன் கவனித்திருந்தான்.

போன் விழித்தது.

அது விழித்த மறுநொடி மைனிங்கும் தானாகவே தொடங்கியது. கடைசியாக ஓடிய நேரத்தைத் திரையில் காட்டியது. பகல் பதினொன்று இருபத்திரண்டு. மூன்று மாதத்தில் சேர்ந்திருந்தது நாலு ரூபாய்ச் சொச்சம். ஐந்நூறு சேர்ந்தால்தான் கையில் எடுக்க முடியும்.

அழிப்பதற்கான பொத்தானைத் தொட்டான்.

'உங்கள் இருப்புத் தொகை நிரந்தரமாக இழக்கப்படும். சம்மதமா?'

தயங்கினான்.

அந்தத் தயக்கம் அவனுக்கே தெரிந்தது. சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. சம்மதம் என்பதை அழுத்தினான்.

அக்கா வசுமதி நாமக்கல்லிலிருந்து வந்தபோது அப்பாவைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். அழுது முடித்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"போனு கையிலதான் இருந்துதாமா. அப்பறம் ஏன் யாருக்கும் கூப்பிடலை?"

"சார்ஜ் இல்லைக்கா."

"அப்பா போன்லயா?"

"போட மறந்துட்டாரு. இப்பல்லாம் அப்படித்தான், எல்லாத்தையும் மறந்துபோயிடறாரு."

அப்பாவின் முகத்துக்கு நேரே நின்றுதான் அதைச் சொன்னான். வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். தோன்றவில்லை.

அக்கா கட்டிலில் குனிந்தாள்.

"ஏனுங்கப்பா, மறந்துட்டீங்களா?"

அப்பா கூரையைப் பார்த்தார். அந்தக் காலைக்குத் திரும்பிப் போனவர்போல வெகுநேரம் பார்த்தார். எழுந்தது, பல் விளக்கியது, ப்ளக், சுவிட்ச். எங்கோ ஓரிடத்தில் நின்றார். கண்ணோரம் ஈரமானது.

பிறகு தலையை ஆட்டினார். ஆமாம் என்று.

திட்டுவார் என்றுதான் அவன் எதிர்பார்த்திருந்தான். பேச்சில்லாவிட்டாலும் கண்ணாலேயே திட்டுவார் என்று. மூச்சு சீராவதை உணர்ந்தான். நிம்மதி என்பது இவ்வளவு சுலபமாக வரும் என்று அவன் நினைக்கவில்லை.

"விடுக்கா, அவரு என்ன பண்ணுவாரு, பாவம்" என்றான்.

அக்கா அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நீ ஒருத்தன் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாயே என்றாள்.

நர்ஸ் கேஸ் ஷீட்டோடு வந்தாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டு எழுதினாள்.

"ஞாபக மறதி இருக்குதுங்க. அதையும் எழுதிக்குங்க" என்றாள் அக்கா.

"எத்தனை நாளா?"

அக்காவுக்குத் தெரியவில்லை. தம்பியைப் பார்த்தாள். நர்ஸும் பேனாவை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

அப்பாவும் பார்த்தார். தன்னைப் பற்றி ஒரு விவரம் தெரிந்துகொள்ளக் காத்திருப்பவரைப்போல.

"ஒரு வருஷமா இருக்குமுங்க" என்றான்.

நர்ஸ் எழுதிக்கொண்டாள்.