முதல் கவளம்

“முதல்ல நீ சாப்பிடு” என்றார் கர்னல்.

ரத்னா தட்டைப் பார்த்தாள். சோறு, வத்தக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். எல்லாம் அவள் சமைத்ததுதான். இரண்டு மாதமாக, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் அவர் கண்முன்னால் அவள் சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் அவர் தட்டில் கை வைப்பார். ஒரு காலத்தில் ஒரு தீவு நாட்டையே நடுங்க வைத்தவர், கடல் கடந்து வந்து ஆல்பனி என்ற ஊரில் ஒரு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குழம்புக்கு நடுங்கிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு முடியாதுங்க ஐயா. சஷ்டி விரதம். ஆறு நாளும் பாலும் பழமும்தான்.”

“விரதமா? யார்கிட்ட கதை விடறே?”

“முருகன் சத்தியமாங்க. வர வெள்ளிக்கிழமை என் பொண்ணு மஹதிக்கு இதயத்துல ஆபரேஷன். அவளுக்காக வேண்டிக்கிட்டது. நடுவுல முறிச்சா...”

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த பழைய போட்டோவிலும் அப்படித்தான். கண்ணாடி, தொப்பி, மீசை, மனிதனைக் காணோம். மேசைமேல் இருந்த கை மட்டும் நடுங்கியது. கோபம் என்று நினைத்தாள் ரத்னா.

“நீ சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடறது? முடியாதுன்னா நாளையிலேருந்து வராதே. எடுத்துட்டுப் போ!”

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அவளுடைய விசாவே இந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் விசா போகும். விசா போனால், பென்ரோஸ் வேர்ஹவுஸில் பெட்டி தூக்கும் அவள் புருஷன் சரத்தும், மஹதியும் அவளோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆபரேஷன்? பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும். அதற்காகப் பெற்ற பிள்ளையின் உயிருக்கு எடுத்த விரதத்தையா முறிப்பது?

பின்பக்கம் எலுமிச்சை மரத்தடியில் தோட்டக்காரர் செல்லமுத்து உட்கார்ந்திருந்தார். கர்னலோடு அந்தத் தீவிலிருந்து கூடவே வந்தவர். இந்த வீட்டில் அவளிடம் முகம் பார்த்துப் பேசும் ஒரே மனிதர். அவருடைய தட்டைக் கொண்டுபோய் வைத்தாள்.

“ஐயா சாப்பிட்டாரா?”

தினமும் அவர் கேட்கும் முதல் கேள்வி அது. முதலாளி சாப்பிட்டு அரை மணி ஆகாமல் இவர் கை நனைக்க மாட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு விசுவாசமா என்று சரத்திடம்கூடச் சொல்லி வியந்திருக்கிறாள்.

“இல்லண்ணே” என்றவள், நடந்ததைச் சொல்லி உடைந்து அழுதாள். “இந்த மனுஷன்கிட்ட எப்படித்தான் இத்தனை வருஷம் இருந்தீங்க?”

“இருந்தாகணுமே, தங்கச்சி. கர்னல் யாரு? கரும்புத் தோட்டத்துக் கூலிக்காரன் மகன். பட்டாளத்துல சேர்ந்தாரு. ஒரு விடியக்காலை, மழை கொட்டுது, நாலு டாங்கியோட போயி ஜனாதிபதியைக் கைலியோட இழுத்துட்டு வந்தாரு. பொழுது சாயறதுக்குள்ள நாடு அவர் கையில.” ஓர் எலுமிச்சை இலையைக் கிள்ளி முகர்ந்தார். “மறுநாள்லேருந்து நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டதில்லை. தட்டை வைக்கிற கையெல்லாம் தன்னை மாதிரியே தெரியும்.”

“அதுக்கு நானா கிடைச்சேன்? சும்மா இருக்கறவளை இப்படிச் சந்தேகப்பட்டா, நெசமாவே ஒருநாள் விஷத்தை வெச்சுடலாம்னு தோணுதுண்ணே!”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். செல்லமுத்து அவளையே பார்த்தார். பிறகு தன் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

“சாப்பிடுங்கண்ணே.”

“அவர் சாப்பிடாம நான் எப்படிம்மா?” எழுந்தார். “அழாதே. நான் போய்ப் பேசறேன். அவர் தட்டு எங்கே?”

“வேணாண்ணே! என்னால உங்க வேலையும் போயிடும்.”

“நீ சமையலறையிலேயே இரு. நான் கூப்பிடற வரைக்கும் வெளியே வராதே.”

தட்டை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். ரத்னா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கர்னலின் கத்தல் கேட்கும், தட்டு பறக்கும் என்று எதிர்பார்த்தாள். நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. பாவம் அந்த மனுஷன், தனக்காகப் போய் மாட்டிக்கொண்டாரே என்று தவித்தாள்.

போய்க் காலில் விழுந்துவிடலாம். ஒரு வாய்தானே? முருகன் மன்னிப்பான், இந்த ராட்சசன் மன்னிக்க மாட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைப் பக்கம் நடந்தவள், கதவு இடுக்கில் கண்ட காட்சியில் அப்படியே நின்றாள்.

கர்னலின் நாற்காலியில், மண் அப்பிய பூட்ஸோடு செல்லமுத்து உட்கார்ந்திருந்தார். எதிரே, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, விறைப்பாக நின்றுகொண்டிருந்தவரின் கண்கள் பயத்தில் கலங்கியிருந்தன.

“அந்தப் பொண்ணு இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடலையே, கர்னல்!” என்றார் நின்றவர்.

“அவளுக்கு அப்புறம் ருசி பார்க்க வேண்டியது நீதானே?” என்று தட்டை அவர் பக்கம் நகர்த்தினார் செல்லமுத்து. “சாப்பிடு. எனக்குப் பசிக்குது.”