கீழ்வீட்டுக் கூரை

"உடைச்சது உங்க கை. கீழ்வீட்டுக்காரர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும், மேஸ்திரி."

படியில் இறங்கியபடியே வீட்டுக்காரர் சொன்னார். பின்னால் வந்த டைல்ஸ் மேஸ்திரிக்குச் சுருக்கென்றது.

"என்ன சார், மொத்தத்தையும் என் தலையில கட்டறீங்க? அந்தச் சுவத்துக்குள்ள குழாய் போகுதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"வேலை தெரிஞ்ச ஆளுன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்?"

"கூப்பிட்டது நீங்க. வீடும் உங்களோடது. அப்போ பொறுப்பும் உங்களோடதுதான் சார்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

குளியலறையை உடைத்துப் புதிதாக டைல்ஸ் ஒட்டும் வேலை. தூசு ஒத்துக்கொள்ளாமல் வீட்டுக்காரரின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாற்றுச் சாவி மேஸ்திரியிடம். வீட்டுக்காரர் காலையில் அவர் வருவதற்கு முன்பே கிளம்பி, அவர் போன பிறகுதான் திரும்புவார். இன்று லீவு நாள் என்று நின்று வேடிக்கை பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உளி குழாயில் இறங்கியது. மெயின் வால்வைத் தேடிப்பிடித்து அடைப்பதற்குள் தொட்டித் தண்ணீரில் பாதி கீழே போய்விட்டது.

கீழ்வீட்டில் இருப்பவர் தனி ஆள். ரிட்டையர்டு. குடியிருப்பில் அவருக்கு 'நோட்டீஸ்' என்று பெயர்.

"துணியிலேர்ந்து நாலு சொட்டு விழுந்ததுக்கே ரெண்டு பக்கம் எழுதி என் கதவுல ஒட்டின மனுஷன். இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா கோர்ட்டுதான்னு சொல்லியிருக்காரு. ஏற்கெனவே கடன் வாங்கித்தான் இந்த வேலையைச் செய்யறேன். கூரையையும் கட்டிக்கொடுன்னா நான் எங்க போவேன்?"

"எனக்கு மட்டும் கொட்டிக் கிடக்குதா சார்?"

மேஸ்திரி மணியை அழுத்தினார். பதில் இல்லை. இன்னொரு முறை அழுத்தினார்.

கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"பாருங்க, லைட் எரியுது. உள்ளதான் இருக்காரு. வேணும்னே திறக்கமாட்டேங்கறாரு."

"கூரையைப் போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பாரு சார். ஆதாரம் வேணுமில்ல?"

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"சண்டை போட அவருக்குக் காரணமா வேணும்? நேத்து நீங்க உடைச்ச சத்தத்துக்கே என்ன ஆட்டம் ஆடினாரு தெரியுமா? நான் சாயங்காலம் வந்து செருப்பைக் கூடக் கழட்டலை, டங் டங்னு குளியலறைக் குழாயைப் போட்டு அடிக்கறாரு. எப்பவும் கழியால கூரையைத் தட்டுவாரு. நேத்து குழாயைப் பிடிச்சுக்கிட்டாரு. அரை மணி நேரம் விடலையே!"

மேஸ்திரியின் விரல் மணியிலிருந்து இறங்கியது.

"நேத்தா சார்?"

"நேத்துதான். எனக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு. உடைக்கிறவரை விட்டுட்டு என்கிட்ட வீரத்தைக் காட்டறாரேன்னு, தரையில ஓங்கி நாலு மிதி மிதிச்சேன். அப்புறம்தான் அடங்கினாரு."

கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து இருவர் கால்களையும் நனைத்தது. உள்ளே அதைத் துடைக்க யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

"அழுத்துங்க மேஸ்திரி, ஏன் நிறுத்திட்டீங்க?"

மேஸ்திரி மணியை அழுத்தவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்... முந்தாநாள் நான் பெரிய சுத்தியலால தரையை உடைச்சப்போ, கீழே ஏதோ தொப்புன்னு விழுந்துச்சு. யாரோ கத்தின மாதிரியும் இருந்துச்சு. கூரை பேர்ந்துடுச்சு, என் தலையில கட்டிடுவாங்கன்னு பயந்துட்டு, நேத்து நான் வேலைக்கே வரலை சார்."