இன்னும் பத்து மணித்தியாலம்

மத்தியான வெயில் ஆஸ்பத்திரிக் கண்ணாடி வழியே வந்து கிருஷ்ணராசாவின் கால்மாட்டில் கிடக்கிறது. ஒட்சிசன் மாஸ்க்கை அவர் மறுபடியும் நாடிக்குக் கீழே இழுத்துவிட்டிருக்கிறார். மூச்சுமுட்டுகிறதாம், இனி வேண்டாமாம். மனைவி நகுலேஸ்வரி மாட்டிவிட மாட்டிவிட அவர் கழற்றுகிறார். இது நாலாவது தடவை. மலாவியில் தாதியாக இருக்கும் மகள் தர்மிகா விடியமுன் புறப்பட்டவள். அடிஸ் அபாபாவில் ஒரு விமானம் மாறி, கெய்ரோவில் இன்னொன்று மாறித்தான் லண்டனுக்கு வர வேண்டும்.

"பிள்ளை எங்கை நிக்கிறாள்?" என்று கேட்கிறார்.

கிட்ட வந்துவிட்டாள் என்று சொல்லத்தான் நகுலேஸ்வரி வாயெடுக்கிறாள். ஆனால் முப்பத்தாறு வருடமாக அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அடிஸ் அபாபாவிலைதான் நிக்கிறாள். பிளேன் பிந்துதாம். இன்னும் பத்து மணித்தியாலம் செல்லும்."

அவர் கண்களை மூடிக்கொள்கிறார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவள் நினைக்கிறாள். அப்போது, ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்த அவருடைய கை மெல்ல மேலேறி மாஸ்க்கைத் தேடிப் பிடிக்கிறது. தானே அதை மூக்கின்மேல் வைத்துக்கொள்கிறார். பட்டியைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. நகுலேஸ்வரி எழுந்து மாட்டிவிடுகிறாள்.

"இறுக்கிக் கட்டும்," என்கிறார்.