வெறும் ஜார்

"வீட்டை விக்கிறதுன்னு முடிவாயிடுச்சு செண்பகம், இனிமே பையனோடதான்..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் வரலை!"

கணபதியப்பனுக்கு அது காதில் விழவில்லை. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமானதிலிருந்து செண்பகம் அவரை எதிர்த்துப் பேசியதெல்லாம் அந்த இரைச்சலுக்குள்தான். அரைக்க ஒன்றுமில்லாவிட்டால் வெறும் ஜாரையே சுற்றவிடுவாள். எதிர்த்து ஒரு சொல் பேசாதவள் என்று அவர் ஊரெல்லாம் பெருமையடிப்பார்.

"செத்தாலும் இந்த வீட்டுலதான்!" என்று அவள் கத்தும்போது கரண்ட் போய்விட்டது.

"என்ன சொன்னே?" என்றபடி அவர் அடுப்படி வாசலுக்கு வந்தார்.

'ஒண்ணுமில்லீங்க' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கரண்ட் திரும்பி, மிக்ஸி தானாக உறுமியது. செண்பகம் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஏன் வரலைன்னு சொல்றேன். அப்புறம் நீங்க ஏன் போகணும்னு சொல்லுங்க, கேக்கறேன். உட்காருங்களேன்."